நிலவுப் பயணம் முதல் ககன்யான் வரை: அன்று எடுத்த முடிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளி பற்றி நூலகங்களிலும் கல்லூரிகளிலும் பேசப் போகும்போதெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்பதைவிட, ஏன் அப்படிச் செய்தார்கள், ஏன் பாதியில் விட்டார்கள் என்பதுதான் பலரையும் உறுத்துகிறது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

1. விண்வெளிக்குப் போனது விஞ்ஞானிகளோட சாதனை. இதுல அரசாங்கக் கொள்கை எங்க வருது?

ராக்கெட்டை வடிவமைத்தது பொறியாளர்கள்தான். ஆனால் எதற்காக, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணத்தில், யாரை ஏற்றிக்கொண்டு என்பதை முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்ல. 1950களின் நடுவிலிருந்து 1972 வரை மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் எடுத்த சில முடிவுகள்தான் இன்றுவரை மனித விண்வெளிப் பயணத்துக்கு உருவம் கொடுத்திருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் பாதிக்கு மேல் விண்வெளிக்கு நேரடிச் சம்பந்தமே இல்லாத காரணங்களுக்காக எடுக்கப்பட்டவை. அணுகுண்டின் எடை, தேர்தல், ஆண்டு பட்ஜெட், பிற நாடுகள் மத்தியில் மதிப்பு, இப்படி.

ஒரு முடிவு காகிதத்தில் இருக்கும்வரை மாற்றுவது எளிது. அது தொழிற்சாலையாகவும், ஏவுதளமாகவும், பல்லாயிரம் பேரின் வேலையாகவும் மாறிவிட்டால் அடுத்து வரும் அரசுகள் அதைச் சுற்றித்தான் திட்டம் போட வேண்டியிருக்கும். கீழே வரும் பெரும்பாலான பதில்களில் இதைப் பார்ப்பீர்கள்.

2. அமெரிக்காகிட்ட அவ்வளவு பணம் இருந்தும் ரஷ்யா எப்படி முதல்ல போச்சு?

சோவியத்தின் அணுகுண்டு கனமாக இருந்ததுதான் முக்கியக் காரணம். 1950களின் தொடக்கத்தில் அவர்கள் திட்டமிட்ட குண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோகச் சுமார் 5 டன் சுமக்கும் ஏவுகணை தேவைப்பட்டது. சோவியத்தின் தலைமை ராக்கெட் வடிவமைப்பாளர் செர்கெய் கொரொல்யோவ் அதற்காக ஆர்-7 என்ற பெரிய ஏவுகணையை உருவாக்கினார். அமெரிக்கர்கள் தங்கள் குண்டைச் சிறியதாக்கிவிட்டதால் அவர்களுடைய அட்லஸ் ஏவுகணையும் சிறியதாகவே அமைந்தது. போர்க்களத்தில் அது அவர்களுக்கு அனுகூலம். விண்வெளிக்கு ஆளை அனுப்பும்போதோ அதுவே பலவீனமாகிவிட்டது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் போன வோஸ்தோக் கலம் 4.7 டன். அட்லஸ் தூக்கிய, அமெரிக்காவின் முதல் மனிதக் கலமான மெர்க்குரி ஒன்றரை டன்னுக்கும் குறைவு.

இன்னொன்றும் உண்டு. ஒரு நாட்டின் மேலே செயற்கைக்கோள் பறக்கலாமா என்பது அப்போது தீராத கேள்வி. உளவுக்கோள்களுக்கு அந்த உரிமை தேவை என்பதால், முதலில் போவது அறிவியல் முகம் கொண்டதாக இருக்கட்டும் என்று அதிபர் ஐசனோவரின் அரசு நினைத்தது. அதனால் 1955இல் வெர்னர் வான் பிரவுனின் ராணுவ ராக்கெட்டை ஒதுக்கிவிட்டு வான்கார்ட் என்ற ராக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். உலகின் முதல் செயற்கைக்கோளான சோவியத்தின் ஸ்புட்னிக் போய் இரண்டு மாதம் கழித்து, 1957 டிசம்பர் 6 அன்று அந்த வான்கார்ட் ஏவுதளத்திலேயே வெடித்தது. பிறகு வான் பிரவுன் குழுவை அழைத்தார்கள், 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர்-1 போனது.

ஆர்-7 குடும்பம் இன்னும் ஓய்வு பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு ரஷ்யா ஆட்களை அனுப்பும் சோயூஸ் ராக்கெட் அதன் நேரடி வாரிசு.

3. நாசாவை ஏன் ராணுவத்துக்குக் கீழ வைக்கல?

வைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மனிதனை அனுப்பும் திட்டம் ஒன்றை விமானப்படை தயாராகவே வைத்திருந்தது. ஐசனோவர் அதை ஏற்கவில்லை. 1958 ஜூலை 29 அன்று நாசா சட்டத்தில் கையெழுத்திட்டார், அக்டோபர் 1 அன்று நாசா வேலையைத் தொடங்கியது. முன்பிருந்த விமானவியல் ஆய்வுக் குழுவின் ஆட்களும் ஆய்வகங்களும் அதன் அடித்தளமாயின. தன் செயல்பாடுகளை இயன்றவரை பரவலாக மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருந்தது. முதல் அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் 1961 மே 5 அன்று புறப்பட்டதை அமெரிக்க மக்கள் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தார்கள். கொரொல்யோவின் பெயரையோ அவர் இறக்கும்வரை சோவியத் அரசு வெளியே சொல்லவில்லை.

விமானப்படை ஆசையைக் கைவிடவில்லை. டைனா-சோர் என்ற விண்விமானம் 1963 டிசம்பரிலும், ராணுவ விண்வெளி ஆய்வகத் திட்டம் 1969 ஜூனிலும் ரத்தாயின. அந்த ஆசை வேறு வழியாக உள்ளே வந்ததைப் 10வது கேள்வியில் பார்க்கலாம்.

4. முதல் வீரர்கள் எல்லாருமே ஆண்களா, அதுவும் பைலட்டா இருந்தது ஏன்?

1958 இறுதியில் ஐசனோவர் எடுத்த ஒரு முடிவால். வீரர்களை எங்கிருந்து தேர்ந்தெடுப்பது என்று பலவித யோசனைகள் இருந்தன. ராணுவச் சோதனை விமானிகளிலிருந்தே எடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அவர்களுடைய பதிவுகள் அரசின் கையில் இருந்தன, ரகசியம் காப்பார்கள், ஆபத்துக்குப் பழகியவர்கள், தேர்வும் சீக்கிரம் முடியும். 1959 ஏப்ரலில் 7 பேரை அறிவித்தார்கள். ஆனால் அப்போது ராணுவச் சோதனை விமானியாகப் பெண்களுக்கு வழியே கிடையாது. பெண்கள் கூடாது என்று எங்கும் எழுதாமலே கதவு மூடிக்கொண்டது. ஜெரி காப் போன்ற பெண் விமானிகள் அதே மருத்துவச் சோதனைகளில் தேறினார்கள். 1962 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன் வாதாடினார்கள். பலனில்லை.

சோவியத் 1963 ஜூன் 16 அன்று வலென்தினா தெரெஷ்கோவாவை அனுப்பியது. அதைச் சமத்துவத்தின் வெற்றி என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அடுத்த சோவியத் பெண் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா போனது 1982இல்தான், 19 ஆண்டுகள் கழித்து. அமெரிக்காவின் சாலி ரைடு 1983இல் போனார்.

5. கென்னடிக்கு விண்வெளின்னா அவ்வளவு ஆர்வமா? ஏன் நிலவைத் தேர்ந்தெடுத்தார்?

அவருக்கு வேண்டியிருந்தது வெற்றி. ககாரின் பறந்த சில நாட்களில் கியூபாவின் பிக்ஸ் விரிகுடாப் படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. ஏப்ரல் 20 அன்று துணை அதிபர் ஜான்சனுக்கு கென்னடி ஒரு குறிப்பு அனுப்பினார். விண்வெளி ஆய்வகமா, நிலவைச் சுற்றிவருவதா, நிலவில் இறங்குவதா, எதில் சோவியத்தை நாம் முந்த முடியும் என்பதே அதில் இருந்த கேள்வி. ஆய்வகம் என்றால் இருக்கும் ராக்கெட்டை வைத்தே சோவியத் செய்துவிடலாம். நிலவில் இறங்கவோ இரு தரப்புமே புதிய ராட்சத ராக்கெட் செய்தாக வேண்டும். அப்போதுதான் சமமான தொடக்கம் கிடைக்கும். மே 25 அன்று, இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் மனிதன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்றைக்கு அமெரிக்காவின் மொத்த மனித விண்வெளி அனுபவம் ஷெப்பர்டின் 15 நிமிடம் மட்டுமே.

1962 நவம்பர் 21 அன்று நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புடன் நடந்த கூட்டம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. நிலவு என்பது பல முக்கியப் பணிகளில் ஒன்று என்று வெப் வாதிடுகிறார். அதுதான் முதன்மையாக இருக்க வேண்டும், எனக்கு விண்வெளியில் அவ்வளவு ஆர்வம் இல்லை என்று கென்னடி மறுக்கிறார். இறப்பதற்கு இரண்டு மாதம் முன், 1963 செப்டம்பர் 20 அன்று ஐ.நா. சபையில் சோவியத்துடன் சேர்ந்தே நிலவுக்குப் போகலாம் என்று யோசனை சொன்னவரும் இவர்தான். நிலவு அவருக்கு ராஜதந்திரக் கருவி. இதைச் சொன்னால் சிலர் வருத்தப்படுகிறார்கள். அப்பல்லோ என்ற அந்த நிலவுத் திட்டத்தின் பெருமை இதனால் குறைவதில்லை, ஆனால் அது ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

6. நிலவுக்கு நேரா போய் இறங்காம, சின்னக் கலம் ஒண்ணைத் தனியாப் பிரிச்சு இறக்கினது எதுக்கு?

எடையும் நேரமும். நேராகப் போய் இறங்கித் திரும்பப் பிரம்மாண்டமான நோவா ராக்கெட் வேண்டும். இரண்டாவது வழி, பல பாகங்களைப் பூமியின் சுற்றுப்பாதையில் சேர்த்து அங்கிருந்து கிளம்புவது. மூன்றாவது வழியை நாசாவின் லாங்லி மையப் பொறியாளர் ஜான் ஹவுபோல்ட் விடாமல் வலியுறுத்தினார். தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கட்டும், சின்ன இறங்குகலம் மட்டும் கீழே போய் வரட்டும் என்பது அது. மேலதிகாரிகளைத் தாண்டி நாசா தலைமைக்கே 1961 நவம்பரில் கடிதம் எழுதினார். இரண்டாவது வழிக்காக நின்ற வான் பிரவுன், 1962 ஜூன் 7 அன்று தன் குழுவினரே எதிர்பாராதபடி மூன்றாவதை ஆதரித்தார். காலக்கெடுவுக்குள் முடிக்க அதுதான் வழி என்பது அவர் கணக்கு. ஒரே ஒரு சாட்டர்ன்-5 ராக்கெட் போதுமானது.

கெடு விதித்தபிறகு அது சரியான தேர்வுதான். ஆனால் பயணம் முடிந்ததும் மேலே எதுவும் மிஞ்சவில்லை. இரண்டாவது வழியில் போயிருந்தால் சுற்றுப்பாதையில் பாகங்களைச் சேர்ப்பது, எரிபொருள் நிரப்புவது எல்லாம் அப்போதே பழகியிருக்கும், விண்வெளி நிலையம் துணைப்பயனாகக் கிடைத்திருக்கலாம். தேதியைக் கென்னடி வைத்தார், அந்தத் தேதி வழியைத் தேர்ந்தெடுத்தது.

7. அப்பல்லோ-1ல மூணு பேர் எரிஞ்சு செத்தாங்களே, உள்ளே சுத்த ஆக்சிஜன் வெச்சது முட்டாள்தனம் இல்லையா?

அந்த முடிவு மெர்க்குரி காலத்திலேயே எடுத்தது. 2வது பதிலில் சொன்ன எடைப் பிரச்சினை இங்கேயும் வருகிறது. சாதாரணக் காற்று என்றால் அழுத்தம் அதிகம், கலத்தின் சுவர் கனமாக வேண்டும், இரண்டு வாயுக்களைக் கையாளும் கருவிகளும் வேண்டும். குறைந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் என்றால் எல்லாம் லேசு. விண்வெளியில் அது ஓரளவு பாதுகாப்பானதே. தரையில் சோதிக்கும்போதுதான் வெளிக்காற்றைவிடச் சற்று அதிக அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்பினார்கள். மெர்க்குரியிலும் அதற்கு அடுத்து வந்த ஜெமினி கலங்களிலும் விபத்து நேராததால் பழக்கமாகவே தொடர்ந்தது. 1967 ஜனவரி 27 அன்று கிரிசம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். அதே நாளில்தான் வெள்ளை மாளிகையில் விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆம்ஸ்ட்ராங் உட்பட சில வீரர்கள் அந்த விழாவில் இருந்தார்கள்.

பெரிய ராக்கெட் இருந்த சோவியத்துக்கு எடைக் கவலை குறைவு, சாதாரணக் காற்றையே வைத்தார்கள். 1975 ஜூலையில் அப்பல்லோவும் சோவியத்தின் சோயூஸ் கலமும் விண்வெளியில் இணைந்தபோது ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு நேராகப் போக முடியவில்லை. அழுத்தத்தைச் சரிக்கட்ட நடுவில் ஒரு தனி அறையையே கட்ட வேண்டியிருந்தது.

8. முன்னாடி ஓடின ரஷ்யா நிலவுல தோத்தது எப்படி?

தாமதமாகத் தொடங்கினார்கள், பிரிந்து நின்றார்கள். நிலவில் இறங்கும் திட்டத்துக்கு அரசு ஆணை வந்ததே 1964 ஆகஸ்டில்தான். நாசா மாதிரி ஒரே பொறுப்பாளர் அங்கே இல்லை. கொரொல்யோவும் இன்னொரு வடிவமைப்பாளரான விளாதிமிர் செலொமெயும் போட்டி போட்டார்கள். இஞ்சின் நிபுணர் வலென்தின் குளுஷ்கோவுக்கும் கொரொல்யோவுக்கும் எந்த எரிபொருள் என்பதில் ஆழமான தகராறு. முடிவில் நிலவுக்கான என்-1 ராக்கெட்டின் அடிப்பகுதியில் 30 சின்ன இஞ்சின்களை வைக்க வேண்டியதாயிற்று. அந்த முழு அடிப்பகுதியையும் தரையில் எரித்துப் பார்க்கச் சோதனைத்தளம் கட்டவில்லை. 1966 ஜனவரியில் கொரொல்யோவ் இறந்தார். 1969க்கும் 1972க்கும் இடையே நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி.

தோற்ற பிறகு அவர்கள் விண்வெளி நிலையத்துக்குத் திரும்பினார்கள். 1971 ஏப்ரலில் சல்யூட்-1, 1986இல் மிர். நீண்ட நாள் விண்வெளியில் வாழ்வது பற்றிய அறிவு அவர்களிடம் அதிகம் சேர்ந்தது இப்படித்தான்.

9. 1972க்கு அப்புறம் ஏன் யாருமே நிலவுல இறங்கல? தொழில்நுட்பம் தொலைஞ்சு போச்சா?

தொலையவில்லை, உற்பத்தியை நிறுத்தினார்கள். கவனிக்க வேண்டியது தேதி. நாசாவின் பங்கு 1966இல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கு மேல் போய் உச்சம் தொட்டது, பிறகு இறங்கத் தொடங்கியது. வியட்நாம் போரும் உள்நாட்டுச் செலவுகளும் அழுத்தின. சாட்டர்ன்-5 தயாரிப்பை நிறுத்த முடிவானது 1968இல், அதாவது ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைப்பதற்கு முன்பே. 1970இல் மூன்று பயணங்கள் ரத்தாயின. மிஞ்சிய ராக்கெட்களில் ஒன்று 1973இல் ஸ்கைலாப் நிலையத்தை ஏற்றிச் சென்றது. மற்றவை கண்காட்சியில் கிடக்கின்றன.

சோவியத்தை முந்துவது என்பதுதான் நோக்கம் என்றால் (5வது பதில்), முந்தியதும் நோக்கம் தீர்ந்துபோகிறது. அடுத்து என்ன என்று 1961இல் யாரும் நாடாளுமன்றத்தில் ஒப்புதல் வாங்கவில்லை.

10. ஷட்டில் மாதிரி ஒரு அருமையான வண்டியை ஏன் குறை சொல்றாங்க?

ராக்கெட்போல் கிளம்பி விமானம்போல் இறங்கும் அந்த விண்கலம் அருமையான வண்டிதான். குறை அதன் பிறப்பில். 1969 செப்டம்பரில் துணை அதிபர் அக்னியூ தலைமையிலான குழு, விண்வெளி நிலையம், அதற்குப் போய்வர ஷட்டில், நிலவுத் தளம், செவ்வாய்ப் பயணம் என்று பெரிய பட்டியல் கொடுத்தது. அதிபர் நிக்சனின் அரசு ஷட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டது. வீட்டைக் கட்டாமல் வீட்டுக்குப் போகும் வண்டியை மட்டும் வாங்கியதுபோல் ஆயிற்று. போக வேண்டிய நிலையம் வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அந்த வண்டியும் முழு விலையில் வரவில்லை. முழுக்கத் திரும்பப் பயன்படுத்தும் இரண்டு அடுக்கு வடிவத்துக்கு 10 பில்லியன் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். பட்ஜெட் அலுவலகம் அதில் பாதிதான் என்றது. அதனால் எரிபொருள் இருக்கும் வெளித்தொட்டியை ஒவ்வொரு முறையும் வீசிவிடுவது, பக்கவாட்டில் திட எரிபொருள் ராக்கெட்கள் வைப்பது என்று குறைத்தார்கள். உருவாக்கும் செலவு குறைந்தது, ஒவ்வொரு பயணத்தின் செலவும் கூடியது.

பணம் கிடைக்க விமானப்படையின் ஆதரவும் தேவை. அவர்கள் கேட்டது உளவுக்கோள்கள் கொள்ளும் 60 அடி நீளச் சரக்கறை. அதோடு, கலிபோர்னியாவிலிருந்து கிளம்பி ஒரே சுற்றில் அங்கேயே இறங்க, பாதையைவிட்டுப் பக்கவாட்டில் சுமார் 2,000 கிலோமீட்டர் விலகிப் பறக்கும் திறன். அதற்குத்தான் பெரிய முக்கோண இறக்கை, அதற்கேற்ற வெப்பக்கவசம். கடைசியில் கலிபோர்னியாவிலிருந்து ஒரு ஷட்டில்கூடப் புறப்படவில்லை. 1972 ஜனவரி 5 அன்று நிக்சன் ஒப்புதலை அறிவித்தார். அது தேர்தல் ஆண்டு, கலிபோர்னியா விமானத் தொழிற்சாலைகளில் வேலையிழப்பு அதிகம். ஆண்டுக்கு ஏறக்குறைய 50 பயணம் என்ற கணக்கில்தான் ஷட்டில் மலிவு என்று காட்டினார்கள். அதிகபட்சமாகப் போனது 1985இல் 9. மொத்தம் 30 ஆண்டுகளில் 135.

11. சேலஞ்சர், கொலம்பியா விபத்துக்கும் இந்தப் பழைய முடிவுகளைக் காரணம் சொல்ல முடியுமா?

ஓரளவு. சேலஞ்சர் என்ற ஷட்டில் 1986 ஜனவரி 28 அன்று வெடித்ததற்கு நேரடிக் காரணம், அதன் திட எரிபொருள் ராக்கெட்டில் குளிரில் இறுகிப்போன ரப்பர் வளையமும், பொறியாளர்களின் எச்சரிக்கையை மீறி ஏவ எடுத்த முடிவும்தான். அந்தப் பொறுப்பை 1972இன் மேல் போட்டுத் தப்பிக்கக் கூடாது. ஆனால் திட எரிபொருள் ராக்கெட் வந்தது 10வது பதிலில் சொன்ன சிக்கனத்தால். ஏறும்போது வீரர்கள் தப்பிக்க வழி இல்லாததும் அந்த வடிவத்தின் குறைதான். எல்லாச் செயற்கைக்கோள்களையும் ஷட்டிலிலேயே ஏற்றுவது என்ற கொள்கையால், ஆளில்லா ராக்கெட் செய்யக்கூடிய வேலைக்கும் மனித உயிரைப் பணயம் வைத்தார்கள். விபத்துக்குப் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் வணிகச் செயற்கைக்கோள்களை ஷட்டிலிலிருந்து அதிபர் ரேகன் விலக்கினார்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஷட்டில் சிதைந்தது, வெளித்தொட்டியின் நுரைத்துண்டு இறக்கையில் அடித்ததால். கலத்தை ராக்கெட்டின் உச்சியில் வைத்திருந்தால் மேலிருந்து எதுவும் விழுந்திருக்காது.

12. இந்தியா ஏன் அப்பவே ஆளை அனுப்ப முயற்சி பண்ணல?

அதுவும் ஒரு கொள்கை முடிவுதான், நான் மிகவும் மதிக்கும் ஒன்று. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. நிலவுக்கோ கோள்களுக்கோ மனிதப் பயணத்துக்கோ பணக்கார நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கு இல்லை, சமூகத்தின் உண்மையான பிரச்சினைகளுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் யாருக்கும் பின்தங்கக் கூடாது என்று விக்ரம் சாராபாய் தெளிவாகச் சொன்னார். வானிலை, தொலைத்தொடர்பு, தொலையுணர்வு என்று இஸ்ரோ வளர்ந்தது அந்தப் பாதையில்தான். ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் போனது சோவியத் கலத்தில், சோவியத் நிலையத்துக்கு.

2018இல், இந்தியாவே ஆட்களை அனுப்பும் ககன்யான் திட்டத்தின் அறிவிப்பு வந்தபோது கையில் இருந்த பெரிய ராக்கெட் எல்விஎம்-3. கனமான செயற்கைக்கோள்களுக்காக உருவாக்கியது. அதை மனிதர்களுக்கு ஏற்றதாக மாற்றும் வேலையின் முக்கியப் பகுதி, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் நடந்த இஞ்சின் சோதனைகள். அதன் கிரையோஜெனிக் இஞ்சின் (மிகவும் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்குவது) அந்தத் தகுதியை 2024 பிப்ரவரியில் பெற்றது.

13. கென்னடி அப்படி அறிவிக்காம இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமா?

உறுதியாகச் சொல்ல முடிந்த ஒன்று உண்டு. ஐசனோவர் பதவிக்காலம் முடியும் தறுவாயில் நிலவில் இறங்கும் திட்டத்துக்குப் பணம் தர மறுத்திருந்தார். அப்பல்லோ என்ற பெயர் 1960இலேயே இருந்தது, ஆனால் அப்போது நிலவைச் சுற்றிவருவதோடு சரி. எனவே கென்னடி இல்லையென்றால் 1969 இல்லை.

மெதுவான பாதை நிலைத்த பாதையாக இருந்திருக்கும் என்று சில நண்பர்கள் வாதிடுவார்கள். நான் அவ்வளவு நம்பவில்லை. போட்டி இல்லாமல் எந்த நாடாளுமன்றமும் அவ்வளவு பணம் தந்திருக்காது. கெடு தவறல்ல. கெடுவோடு சேர்த்து, முடிந்தபின் அந்த ராக்கெட்டையும் ஆட்களையும் என்ன செய்வது என்பதையும் அன்றே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

14. இதெல்லாம் பழைய கதை. இப்போ ஸ்பேஸ்எக்ஸ், ஆர்ட்டெமிஸ்னு எல்லாமே மாறிடுச்சே?

பாதி மாறியிருக்கிறது. நாசா 2006இல் தனியார் சரக்குக் கலங்களுக்கு நிலையான விலையில் ஒப்பந்தம் போடத் தொடங்கியது. வடிவமைப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், நாசா வாடிக்கையாளர் மட்டும். அந்தக் கொள்கையின் தொடர்ச்சியாகத்தான் 2020 மே 30 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் க்ரூ டிராகன் கலம் வீரர்களை ஏற்றிச் சென்றது. 2011இல் ஷட்டில் நின்றதிலிருந்து அதுவரை அமெரிக்கர்கள் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது ரஷ்ய சோயூஸில், 2வது பதிலில் சொன்ன அதே ஆர்-7 வாரிசின் மேல்.

மறுபாதி, மீண்டும் நிலவுக்கு ஆட்களை அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் எஸ்எல்எஸ் ராக்கெட். முடிந்தவரை இருக்கும் ஒப்பந்தங்களையும் ஷட்டில் கால உறுப்புகளையும் பணியாளர்களையும் பயன்படுத்தச் சொல்லி 2010ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். 2022 நவம்பர் 16 அன்று ஆளில்லாமல் நிலவுக்குக் கிளம்பிய முதல் ஆர்ட்டெமிஸின் நான்கு முக்கிய இஞ்சின்களும் முன்பு ஷட்டிலில் பறந்தவை. ஷட்டிலில் திரும்பத் திரும்பப் பயன்பட்ட அந்த இஞ்சின்கள் இந்த முறை ஒரே பயணத்தோடு கடலில் விழுந்தன.